கிளியர் கோட்டைச் சரிசெய்யப் போய்க் கெடுக்கும் தவறுகள்

போன ஆடியில், செங்கோட்டையில் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் ஒரு கார் கதவுக்குக் கிளியர் அடித்தான். நிறப் பெயின்டுக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சுதான் கிளியர். கைப்பிடிக்குக் கீழே அது ஒரு விரல் நீளத்துக்கு ஒழுகி நின்றுவிட்டது. பட்டறைப் பேச்சில் அதற்கு ‘ரன்’ என்று பெயர். மறுநாள் காலை நான் தென்காசிக்குப் போய்த் தின்னர் வாங்கித் திரும்புவதற்குள், வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) விரலில் மடித்து வைத்துக்கொண்டு அந்த ரன்னைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான். பைக்கை விட்டு இறங்கும்போதே கதவைப் பார்த்தேன். வழிந்த தண்ணீர் பால் போல இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. கதவோ சில்வர். கிளியருக்கு அடியில் இருக்கும் நிறப் பூச்சான பேஸ் கோட் வரை தேய்ந்துவிட்டது. அதை மறுபடி முதலிலிருந்து அடித்தோம்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதையே நானும் செய்திருக்கிறேன். எனக்குப் பிறகு வந்த பையன்களும் ஒருவர் விடாமல் செய்திருக்கிறார்கள். துடைத்துவிட்டு அடி, கிளியரை இறுகவைக்கும் ஹார்ட்னரை அளந்து ஊற்று என்பதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது, அதை இங்கே சொல்லப் போவதில்லை. அடித்து முடித்த பிறகு சின்னக் குறையைச் சரிசெய்யப் போய், நன்றாக இருந்த இடத்தையும் கெடுத்துக்கொள்கிறோமே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

ரன்னைத் தேய்க்கப் போய்ப் பக்கத்தைத் தேய்ப்பது

பட்டறையில் இரண்டு கோட் அடித்தால் கிளியர் 50, 60 மைக்ரான் நிற்கும். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் இன்னும் குறைவாகவே இருக்கும், 40 மைக்ரானை ஒட்டி. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் கனம்கூட இல்லாத படலத்தின் மேல்தான் நாம் உப்புத்தாளை வைக்கிறோம். இந்தக் கணக்கு மனதில் பதியாதவரை கைக்கு நிதானம் வராது.

ரன் என்பது அந்தப் படலத்தில் நிற்கும் வரப்பு. அது கனமாக இருப்பதால் மேலே காய்ந்தும் உள்ளே காயாமல் இருக்கும். காய்ச்சிய பாலில் ஆடை படிந்திருக்க, அடியில் பால் அப்படியே கிடக்கிறதே, அந்த மாதிரி. பக்கத்தில் உள்ள மெல்லிய கிளியர் மறுநாளே இறுகியிருக்கும், தேய்த்தால் ஒழுங்காகத் தேயும். ரன் தேயாது, பிசுபிசுத்துக் காகிதத்தோடு இழுபடும், சில சமயம் பிய்ந்து குழியாகும். விரலை வைத்துத் தேய்த்தால் இன்னும் மோசம். விரல் மெத்தென்று இருப்பதால் காகிதம் வரப்பின் மேல் ஏறி இறங்கி, அதன் இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டும். ரன் அப்படியே நிற்க, பக்கத்தில் பேஸ் கோட் தெரிந்துவிடும்.

எனக்கு இது நடந்து 15 வருடம் இருக்கும். புனலூரிலிருந்து ஒரு சேட்டன் சில்வர் நிற வண்டி கொண்டுவந்தார். முன் ஃபெண்டர் ஒன்று மட்டும்தான் வேலை. “ஓணத்தினு மும்பே கிட்டணும், கேட்டோ” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணி பிறந்தும் சாரல் விடவில்லை, கிளியர் இறுகவே மாட்டேன் என்கிறது. வீல் வளைவுக்கு மேலே ஒரு ரன். மேஸ்திரி, “தொடாதடே, ரெண்டு நாள் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். நான் கேட்கவில்லை. அவர் வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று அன்றைக்கே 1000 நம்பர் பேப்பரை எடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பேஸ் கோட்டும் போய்விட்டது.

சில்வரில் அந்தக் காசு அளவை மட்டும் அடித்து மூட முடியாது. பெயின்டில் இருக்கும் அலுமினியத் தூள், ஸ்பிரே கன்னைப் பிடித்த தூரத்துக்கும் காற்றின் அழுத்தத்துக்கும் ஏற்றபடி படியும். ஒட்டுப் போட்ட இடம் நேரே பார்த்தால் சரியாக இருக்கும், சாய்ந்து பார்த்தால் கறையாகத் தெரியும். அதனால் பேஸ் கோட்டை ஃபெண்டரிலிருந்து கதவுக்கும் பானெட்டுக்கும் ஓரம் தெரியாமல் மெலிந்து போகும்படி அடித்து, மூன்றுக்கும் முழுசாகக் கிளியர் அடிக்க வேண்டி வந்தது. ஒரு ஃபெண்டர் கூலிக்கு மூன்று பேனல் வேலை. சேட்டன் ஓணத்துக்குப் பஸ்ஸில்தான் போனார். இரண்டு நாள் பொறுத்திருந்தால் அரை மணி நேர வேலை அது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

சரி, எப்படி எடுப்பது? முதலில் நகத்தை வைத்துப் பாருங்கள். ரன்னின் கனமான அடிப்பாகத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது. விழுந்தால் வண்டியை வெயிலில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். எங்கள் ஊர்ச் சாரலில் மூன்று நாள்கூட ஆகும்.

இறுகியதும் ரன்னின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். புது பிளேடு ஒன்றை எடுத்து, அதன் இரண்டு முனையிலும் டேப்பைச் சுற்றி, நடுவில் மட்டும் கூர் தெரியும்படி வையுங்கள். அதை நிமிர்த்திப் பிடித்து, ரன்னின் மேல் அழுத்தாமல் சுரண்டி இழுங்கள். வெள்ளையாகத் தூள் தூளாக வரும். முனையில் சுற்றிய டேப் பெயின்டில் உரச ஆரம்பித்தால் பிளேடின் வேலை முடிந்தது. பேராசைப்பட்டு இன்னும் ஓர் இழுப்பு இழுக்க வேண்டாம்.

அப்புறம் பக்கத்து டேப்பை எடுத்துவிட்டு, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கெட்டியான கட்டையில் 1500 பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, மிச்சம் நிற்பதை மட்டும் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒரு தடவை துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். தேய்ந்த இடம் மங்கியிருக்கும், தேயாத இடம் மின்னும். ரன்னும் அதன் ஓரமும் ஒரே மாதிரி மங்கிவிட்டால் இரண்டும் மட்டமாகிவிட்டன என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு 2000, 3000 பேப்பர், காம்பவுண்ட் (தேய்ப்புப் பசை), பாலிஷ்.

வெள்ளை வண்டிக்கு ஓர் எச்சரிக்கை. சிவப்பு வண்டியில் பேஸ் கோட்டைத் தொட்டால் தண்ணீர் சிவக்கும், உடனே கையை எடுத்துவிடலாம். வெள்ளையில் கிளியர் தேய்ந்தாலும் பால், பேஸ் தேய்ந்தாலும் பால். ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்கும் பிடிபடாது, காய்ந்த பிறகுதான் வளையம் தெரியும். வெள்ளையில் பத்து இழுப்பு என்பதை ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

மடிப்பு ஓரத்தில் பேப்பர் போடுவது

கதவின் மடிப்புக் கோட்டில் கிளியர் எப்போதுமே மெலிவாகத்தான் நிற்கும். தேய்க்கும்போதும் சரி, பஃபர் (பாலிஷ் மெஷின்) போடும்போதும் சரி, அதன் மேல் டேப் இருக்கட்டும்.

ஆரஞ்சுத் தோலை முழுசாக எடுப்பது

ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி கொஞ்சம் சொரசொரப்பு தெரிந்தால் உடனே கண்ணாடி ஆக்க வேண்டும் என்று கை துடிக்கும். முதலில் பக்கத்துக் கதவைப் பாருங்கள். கம்பெனிப் பெயின்டிலேயே லேசான ஆரஞ்சுத் தோல் இருக்கும். நீங்கள் அடித்த கதவு மட்டும் கண்ணாடியாக இருந்தால், இது அடிபட்ட கதவு என்று தெருவில் போகிறவருக்கும் தெரியும். பக்கத்துக் கதவோடு பொருந்தும் அளவுக்குத் தேய்த்தால் போதும், கிளியரும் மிச்சமாகும்.

சாரல் நாளில் வேகத் தின்னர்

ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? வேகமாக ஆவியாகிற தின்னரும் பேனலை அப்படித்தான் குளிரவைக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வீசும் நாளில், குளிர்ந்த பேனலில் ஈரம் படிந்து கிளியர் வெளுத்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்றுதான் பையன்கள் வேகத் தின்னரை ஊற்றுகிறார்கள், நடப்பது நேர்மாறு. அன்றைக்கு நிதானமான தின்னர்தான் வேண்டும். வெளுப்பு மேலோட்டமாக இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு காம்பவுண்டில் போய்விடும். உள்ளே இறங்கியிருந்தால் தேய்த்து மறுபடி அடிப்பதுதான் வழி.

இரண்டாவது கோட்டுக்கு அவசரப்படுவதும் அதே வகை. மறைப்புக் காகிதத்தின் மேல் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பாருங்கள். நூலாக இழுத்தால் பொறுக்க வேண்டும். நூல் இழுக்காமல் விரல் லேசாக ஒட்டினால் அடிக்கலாம். பொறுக்காவிட்டால் அடியில் மாட்டிய தின்னர் மேல் கோட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறி ஊசிப் பொத்தல் விழும். பாலிஷ் போட்டால் பொத்தலுக்குள் காம்பவுண்ட் போய் வெள்ளைப் புள்ளியாக உட்காருமே தவிர, பொத்தல் மறையாது. பொத்தல் மறையும்வரை தேய்த்து மேலே மறுபடி கிளியர் அடிக்க வேண்டும்.

உரிந்த கிளியரின் மேலேயே கிளியர்

வெயிலில் உரிந்த பானெட்டைப் பாலிஷ் காப்பாற்றாது. உரிந்த இடத்தில் மட்டும் கிளியர் அடித்தால் அதன் ஓரம் மறுபடி தூக்கிக்கொள்ளும். பேனல் முழுவதும் தேய்த்து, பேஸ் அடித்து, கிளியர் அடியுங்கள். வண்டிக்காரரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பஃபரை ஒரே இடத்தில் பிடிப்பது

மெஷினை நிறுத்திப் பேனலில் கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள்.

பட்டறைக்குள் டேஷ்போர்டு ஸ்பிரே

அதில் சிலிக்கான் இருக்கும். அது பறந்து பேனலில் படிந்தால், அடிக்கும் கிளியர் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். வெளியே வைத்து அடியுங்கள்.

முகத்தில் கைக்குட்டை

ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் துணியில் நிற்காது, நெஞ்சுக்குள் போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கரி ஃபில்டர் மாஸ்க்கூட நமக்குத் தெரியாமல் பலன் இழந்துவிடுவதுண்டு, அதனால் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். வசதி இருந்தால் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்கே வாங்குங்கள்.