புறாமலையில் முருகைக்கல் வெளுத்திருந்தால் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

திருகோணமலை நிலாவெளியிலிருந்து வள்ளமேறிப் புறாமலைத் தீவுக்குப் போய்வருகிறவர்கள், தண்ணிக்குள் வெள்ளையாக எதைக் கண்டாலும் "கல்லு செத்துப்போச்சு" என்பார்கள். முருகைக்கல் (பவளம்) உயிருள்ளதுதான், ஆனால் எல்லா வெள்ளையும் சாவல்ல.

வாடை ஓய்ந்து கடல் தெளிந்த மாதங்களில், காற்றெழும்புமுன் காலையிலேயே இறங்குங்கள். பிளாஸ்ரிக் பலகை, பென்சில், ஈயக்குண்டு கட்டிய வெப்பமானி போதும். வெப்பமானியைக் கல் இருக்கும் ஆழத்திலேயே 3 நிமிடம் பிடியுங்கள்; மேல்தண்ணி வெயிலில் சூடேறி ஏமாற்றும்.

நீந்தும்போது 10 கால் உதைக்கு ஒருமுறை நின்று, நேர்கீழே இருக்கும் கல்லை மட்டும் குறியுங்கள். இப்படி 20 கல். கண்ணுக்குப் பிடித்ததைத் தேடிப்போனால் கணக்குப் பிழைத்துவிடும்.

கல் முழுவதும், முக்கியமாக வெயில்படும் மேற்பக்கம், வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் சூட்டின் வேலை. கிட்டப்போய்ப் பாருங்கள்: எலும்புபோன்ற வெள்ளைக்கு மேல் கண்ணாடிமாதிரி மெல்லிய தசை இன்னும் இருக்கும். உள்ளே வாழ்ந்து உணவூட்டிய நுண்பாசி வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். அந்த இடத்தின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 பாகை செல்சியஸ் கூடி, 4 கிழமை நீடித்தால் வெளுப்புத் தொடங்கும். தண்ணி குளிர்ந்தால் தேறும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். செத்த கல்லில் சில கிழமைக்குள் பழுப்புப்பச்சைப் பாசி மயிர்போல முளைக்கும். ஆகவே 3 கிழமை கழித்து அதே கற்களைத் திரும்பப் பாருங்கள். ஒருநாள் பார்த்து முடிவெழுதுவது வீண்.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தவறுவது மான்கொம்புக் கல்லில். அதன் கொம்புநுனி இயல்பாகவே வெள்ளை. வளர்கிற இடம் அது. நுனியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெள்ளை திட்டாக, விளிம்பு கோடுபோட்டதுபோல இருந்தால் முருகைக்கல்லைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீன் மேய்ந்திருக்கும். பகலில் பக்கத்துக் கல்லின் அடியில் ஒளிந்திருக்கும், குனிந்து தேடுங்கள். முள்ளில் நஞ்சு உண்டு, கைவைக்க வேண்டாம். இது இயற்கையான உயிர்தான். ஆனால் கரையிலிருந்து உரமும் கழிவும் கலந்தால் அதன் குஞ்சுகளுக்குத் தீனி பெருகும் என்பதால், மனிதர் பக்கக் காரணம் உண்டா என்றும் கேளுங்கள்.

முறிந்த இடத்தில் மட்டும் வெள்ளை என்றால் உடைவு. அலைபடும் பக்கம் முழுக்கச் சிதறியிருந்தால் புயல். ஒற்றைக் கோடாக உராய்ந்திருந்தால் நங்கூரம். ஆழமில்லாத, ஆட்கள் இறங்கும் வழியில் மட்டும் என்றால் கால்.

2003 முதல் புறாமலை தேசிய பூங்கா. நட்சத்திரமீனானாலும் உடைந்த துண்டானாலும் எதையும் எடுக்காமல், குறிப்பை வனசீவராசிகள் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். களைத்தால் மல்லாந்து மிதவுங்கள், கல்லில் நிற்காதீர்கள்.