மனசைத் தொட வேண்டிய கேமைக் கெடுக்கும் தவறுகள்

'லிம்போ', 'க்ரிஸ்', 'ஜர்னி' மாதிரி கேம்களை முடித்துவிட்டு "ஒண்ணுமே தோணலையே" என்பவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு ஆடிய அறையில்தான்.

கடலூரில் மே மாத மதியம், ஜன்னலைத் திறந்துவைத்து, கறுப்பு வெள்ளையில் இருண்டு கிடக்கும் 'லிம்போ' (2010) ஆடினால் திரையில் தெரிவது உங்கள் முகம்தான். உடனே பிரைட்னஸை ஏற்றுவார்கள். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் கரடிப்பொறி பளிச்சென்று தெரியும். பயம் எங்கிருந்து வரும்? இரவு ஏழு மணிக்கு மேல், டிவிக்குப் பின்னால் மட்டும் ஒரு விளக்கு எரியட்டும்.

'க்ரிஸ்' (2018) சாம்பல் உலகில் தொடங்கும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். போனில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஆனில் இருந்தால் கடைசியில் வரவேண்டிய மஞ்சள் முதல் காட்சியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். டிவியில் நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடும் வேண்டாம், வாட்டர்கலர் சாயம் பெயின்ட் கடை போர்டாகிவிடும்.

'ஜர்னி'யில் (2012) நெட் வழியாகக் கூட வரும் இன்னொரு ஆட்டக்காரர் யாரென்று தெரியாது. பேச்சு கிடையாது, எழுத்தும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் எழும் ஒரு சின்ன ஒலிதான் மொழி. ஃபேன் ஐந்தில் சுற்ற, டிவி ஸ்பீக்கரில் கேட்டால் அது காதில் விழாது. ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரலாம், அதனால் வயர் இயர்போன் நல்லது. பனிமலையில் உங்கள் பாத்திரத்தின் ஸ்கார்ஃப் குளிரில் சுருங்கும்போது இருவரும் ஒட்டி நின்றால் அது மறுபடி ஒளி பெறும். முந்திக்கொண்டு ஓடுபவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். கேம் மொத்தமே சுமார் 2 மணி நேரம், ஒரே மூச்சில் முடியுங்கள். பாதியில் நெட் போனால் துணையும் போய்விடும். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளைத் தவிர்க்கலாம். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

நடந்துகொண்டே ஒரு குரல் சொல்லும் கதையைக் கேட்கும் 'டியர் எஸ்தர்' (2012) ஆடும்போது ஓடும் பொத்தானைத் தேடாதீர்கள். நடை மட்டும்தான். ஒவ்வொரு முறையும் பேச்சுத் துணுக்குகள் மாறுவதால், யூடியூப் விளக்க வீடியோவில் கேட்டது உங்கள் ஆட்டத்தில் வராமலே போகலாம்.

முடிந்த உடனே "அழுதியா?" என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கண்ணீர் வந்தால்தான் கணக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாதவரிடம், ஆறுதலாக இருக்கும் என்று 'க்ரிஸை' நீட்டவும் வேண்டாம். அவராகவே கேட்டால், இது ஓர் இழப்பைச் சுற்றிய கதை என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.