கிட்னி மாற்றியவர்கள் எதிர்ப்பு அடக்கி மாத்திரையை எடுக்கும் முறை

மாற்றிப் பொருத்திய கிட்னியை உடம்பு எத்தனை வருடம் ஆனாலும் அந்நியப் பொருளாகவே பார்க்கும். அது தாக்காதபடி எதிர்ப்புச் சக்தியைத் தணித்து வைப்பவை டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன். கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) நன்றாக இருக்கிறதே என்று இவற்றை நீங்களாகக் குறைக்காதீர்கள். நன்றாக இருப்பதே இவற்றால்தான்.

மூன்றில் அதிகக் கவனம் கேட்பது டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடம்பு கிட்னியை நிராகரிக்கும். கூடினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும். சாதாரண வகையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும்: காலை 8 என்றால் இரவு 8. நாளுக்கு ஒருமுறை போடும் வகையும் உண்டு, ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது. மருந்துக்கடையில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்றால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், போடும் நேரம் வரை மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

அதிகம் பேர் தவறுவது டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை நாளில். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் பஸ் ஏறுகிறவர்கள் பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அடுத்த வேளைக்குச் சற்று முன்பு ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் அளவு. போட்டுவிட்டுக் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் நிராகரிப்பில் போய் முடியலாம். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

பூஞ்சைக்கான ஃபுளூகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின், பம்பளிமாஸ் பழம் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேகமாக இறக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியையே தாக்கும். வயிற்றுப்போக்கிலும் டாக்ரோலிமஸ் அளவு ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படியே. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்: மைக்கோபீனோலேட் கருவைப் பாதிக்கும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30-லும் ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-லும் நம் கடலூர், புதுச்சேரி கரையைத் தாக்கின. ஐப்பசி பிறக்கும்போதே இரண்டு வார மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டின் நகலோடு நீர் புகாத பையில். வெள்ளத்தில் இறங்க வேண்டாம். அந்த நீரில் பரவும் எலிக்காய்ச்சல் கிட்னி மாற்றியவர்களைக் கடுமையாகத் தாக்கும்.