நெல் எப்போது பூக்கும்? இலையைப் பார்த்துச் சொல்வது எப்படி

நட்ட நாளை மட்டும் எண்ணி நெல்லுக்கு மேலுரம் (பயிர் வளரும்போது இடும் உரம்) போடுவது எனக்குப் பிடிக்காது. நாற்றின் வயது, குளிர், தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாமே கணக்கை முன்பின் தள்ளிவிடும். இலையைப் பாருங்கள்.

ஒரு பிளேடு, ஒரு ஸ்கேல், அழியாத மார்க்கர் போதும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை தழைச்சத்துத் தேவையை அறிய நல்லதுதான், ஆனால் அது பருவத்தைச் சொல்லாது.

வரப்போரத்தை விட்டு உள்ளே போய், சில குத்துகளில் தாய்த்தூரை (குத்தின் முதன்மைத் தண்டை) பிடித்து, புது இலை வரவர மார்க்கரால் புள்ளி வையுங்கள். முதலில் நாலைந்து நாளுக்கு ஓர் இலை வரும். கதிர் உருவாகத் தொடங்கியதும் அது ஏழெட்டு நாளாகும். வேகம் குறைந்து, அடித்தண்டும் உருண்டு வந்தால் ஒரு தாய்த்தூரை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேல்கணுவுக்கு மேலே 1-2 மி.மீ. அளவில் வெள்ளைப் பஞ்சு நுனிபோல இளங்கதிர் தெரிந்தால், கதிர் வெளிவர சுமார் 25 முதல் 30 நாள் இருக்கிறது. யூரியா, பொட்டாஷ் மேலுரத்துக்கு இதுதான் நேரம்.

அடுத்தது கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு முன் வரும் கடைசி இலை. பலரும் தடுமாறுவது இங்கேதான். புதிதாக நீட்டும் இலையெல்லாம் கண்ணாடி இலை இல்லை. கீழுள்ளதைவிடக் குட்டையாக, அகலமாக, பெரும்பாலும் நிமிர்ந்து நிற்பதுதான் அது. சந்தேகமா? தண்டைச் சுற்றியிருக்கும் அதன் உறையைப் பிளந்து பாருங்கள்: உள்ளே இன்னோர் இலைச்சுருள் இருக்கக்கூடாது, இளங்கதிர்தான் இருக்கவேண்டும்.

இனி இலையும் உறையும் சேரும் கழுத்தைக் கவனியுங்கள். கண்ணாடி இலையின் கழுத்து முதலில் கீழ் இலையின் உறைக்குள் மறைந்திருக்கும். மெல்ல ஏறி, இரண்டு கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மகரந்தம் உருவாகும் சமயம் அது. கதிர் வெளிவர சுமார் 10 முதல் 12 நாள்தான். கண்ணாடி இலையின் கழுத்து, கீழ் இலையின் கழுத்துக்கு 10 செ.மீ. கீழே இருப்பதிலிருந்து 10 செ.மீ. மேலே போகும்வரை வயல் காயவே கூடாது, காய்ந்தால் பதர் கூடும். குளிர்ப் பகுதிகளில் குளிரும் இதே கேட்டைச் செய்யும்.

அப்புறம் உறை புடைத்துப் பொதி கட்டும், கதிர் எட்டிப் பார்க்கும். வந்த அன்றோ மறுநாளோ நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கத் தொடங்கும். ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிய ஒரு வாரம்வரை ஆகலாம்.

பிற்சேர்க்கை: "ஒரே குத்தில் ஒரு தூர் பூத்துவிட்டது, இன்னொன்று பொதியிலேயே நிற்கிறதே?" என்று சிலர் கேட்டார்கள். பக்கத்தூர் பிந்தித்தான் வரும். பாதித் தூர்களில் கதிர் வந்த நாளையே கணக்கில் வையுங்கள். பூ விரியும் முற்பகலில், ஏறத்தாழ 9 முதல் 12 மணிவரை, மருந்து தெளிக்க வேண்டாம்.