ஏசியில் கேஸ் காலியா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு பக்கெட் வையுங்கள்

ஏசி கேஸ் என்பது அடுப்பு சிலிண்டர் மாதிரி தினம் கொஞ்சம் எரிந்து தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை. இதை யாராவது முதல் வருஷமே சொல்லியிருந்தால், மூன்று கோடைக்கு மூன்று முறை கேஸ் ஏற்றிய காசு எனக்கு மிச்சம். ஏப்ரல் வந்தால் கூலிங் குறையும், மெக்கானிக் தம்பி வருவார், அவுட்டோர் குழாயைத் தொட்டுப் பார்த்து "கேஸ் காலிண்ணா" என்பார், ஏற்றுவார், போவார். அந்த கேஸ் காப்பர் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, வெளியே போக வழியே இல்லாத வளையம். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டு கேஸ் மட்டும் ஏற்றுவது பஞ்சர் ஒட்டாமல் காற்றடிக்கிற வேலைதான். என் வீட்டில் ஓட்டை எங்கே இருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன், ஏனென்றால் கூலிங் இல்லாத பல வீடுகளில் ஓட்டையே இருக்காது, தூசிதான் இருக்கும்.

முதலில் ரிமோட். சிரிக்காதீர்கள். பனி படம் இருந்தால் கூல், நீர்த்துளி இருந்தால் ட்ரை, விசிறி இருந்தால் வெறும் காற்று. ஹீட்டிங்கும் சேர்ந்த மாடல் என்றால் சூரியன் படமும் உண்டு, அது பிள்ளைகள் கையில் மாட்டினால் மே மாசத்தில் அனல் அடிக்கும். ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் மொபைல் கேமராவுக்கு நேராக அதன் மூக்கைக் காட்டி பட்டனை அழுத்துங்கள், திரையில் சின்ன வெளிச்சம் மின்னினால் ரிமோட் நல்லா இருக்கிறது (சில போனில் பின் கேமராவில் தெரியாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்). சோதனை முடியும்வரை கூலில் 18 டிகிரிக்கு வைத்துவிடுங்கள், கம்ப்ரஸர் இடையில் நிற்காது. ஆஃப் செய்து உடனே ஆன் செய்தால் கம்ப்ரஸர் கிளம்ப மூன்று நிமிஷம் ஆகும், அது பழுதில்லை.

அடுத்து ஃபில்டர். இண்டோர் மூடியைத் தூக்கினால் வலை மாதிரி இரண்டு துண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை என்றால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து அலசி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வடசென்னையில் கன்டெய்னர் லாரி ஓடுகிற திருவொற்றியூர், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு மாசம் ஒருமுறை. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று பலவீனமாக வந்தால் உள்ளே உருளை மாதிரி சுற்றுகிற ப்ளோயரின் இதழ்களில் டார்ச் அடித்துப் பாருங்கள், கருப்பாகப் பஞ்சு அடைத்திருக்கும். அதற்கு ஜெட் சர்வீஸ் வேண்டும், வீட்டில் முடியாது.

இப்போது பக்கெட். நம்ம பக்கத்தில் பாதி வீடுகளில் ஏசித் தண்ணீர் வெளியே விழுகிற ட்ரெய்ன் பைப்புக்குக் கீழே பக்கெட் ஏற்கெனவே இருக்கும், அந்தத் தண்ணீரில் வீடு துடைப்பார்கள். என் கணக்கில் வீட்டில் இருக்கிற மிக நல்ல மீட்டர் அதுதான். கடலோரப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ஒழுங்காக ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் சுமாருக்குத் தண்ணீர் விழும், ரொம்பப் புழுக்கமான நாளில் அதற்கு மேலும் விழும். முக்கால் மணி நேரம் ஓடியும் பக்கெட் காய்ந்து கிடக்கிறது, இண்டோரிலும் ஒழுகவில்லை என்றால் உள்ளே இருக்கிற குளிர்க் குழாய்ச் சுருள், அதாவது காயில், குளிரவே இல்லை, அவுட்டோர் பக்கம் போக வேண்டியதுதான். தண்ணீர் நன்றாக விழுகிறது ஆனால் அறை குளிரவில்லை என்றால் இயந்திரம் அதன் வேலையைச் செய்கிறது, சூடு வேறு எங்கிருந்தோ வருகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறைக்கு இது வழக்கமான கதை. கத்திரி வெயில் முழுக்கக் குடித்த தளம் ராத்திரி பத்து மணிவரை அனலைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். விடிகாலை ஐந்து மணிக்குப் போர்வை தேடுகிறீர்கள், சாயங்காலம் மட்டும் வேர்க்கிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், மாடித் தளத்துக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் ஒரு அறை வெப்பமானி வாங்கி, ஏசி மேல்பக்கம் காற்று உறிஞ்சுகிற இடத்திலும் கீழே காற்று வருகிற வாயிலும் பத்துப் பத்து நிமிஷம் வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்ல ஏசி.

சரி, காயில் குளிரவில்லை. அவுட்டோருக்குப் போவோம். ஃபேன் சுற்றுகிறதா, கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று சத்தம் போடுகிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் முனகிவிட்டு ஒரு சில விநாடியில் 'டக்' என்று நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முனகுகிறது என்றால், பழைய மாடல் (இன்வெர்ட்டர் இல்லாத) ஏசியில் முதல் சந்தேகம் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டர் மேல். அது சில நூறு ரூபாய் சாமான். தலை உப்பியிருந்தால் பார்த்தவுடனே தெரியும், உப்பாமலும் போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவைவிட ரொம்பக் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். நீங்களே திறக்காதீர்கள், மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் கரன்ட் தங்கியிருக்கும். கெபாசிட்டர் மாற்றிப் பார்க்காமல் "கம்ப்ரஸர் போச்சு" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். இதே முனகல் லோ வோல்டேஜிலும் வரும், அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் தகராறு, காலையில் ஒன்றுமில்லை என்றால் ஸ்டெபிலைசரின் எண்ணைப் பாருங்கள்.

இரண்டும் ஓடுகிறது, ஆனாலும் குளிர் இல்லை. இங்கேதான் வடசென்னை உள்ளே வருகிறது. அவுட்டோரின் முதுகில் வரிவரியாக இருக்கிற அலுமினியத் தகடுகள்தான் உங்கள் அறையின் சூட்டை வெளியே கொட்டுகிற இடம். காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் கடற்காற்று உப்பை நேராக அதன்மேல் கொண்டுவந்து பூசுகிறது, செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிவிடும், நாலைந்து வருஷத்தில் விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உதிரும். எண்ணூர்ப் பக்கம் இதோடு நிலக்கரித் தூசியும் சேர்ந்து பசையாக ஒட்டும். (சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நின்றது, அதற்கு முன்னால் ராயபுரத்தில் வெள்ளைச் சட்டை காயப்போட்டு எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.) தகடு அடைத்தால் சூடு வெளியேறாது, கேஸ் முழுசாக இருந்தாலும் கூலிங் வராது, கரன்ட் பில் மட்டும் ஏறும்.

மெயினை அணைத்துவிட்டு மாசம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அந்தத் தகடுகளைக் கழுவுங்கள், தோட்டக் குழாய் வேகம் போதும். உப்புக் கலந்த போர்த் தண்ணீர் வேண்டாம். வண்டி கழுவுகிற பிரஷர் கன் தகடுகளை மடக்கிவிடும், அதுவும் வேண்டாம். ஒயர் இருக்கிற பக்கம் தண்ணீர் அடிக்காதீர்கள். பளிச்சென்று வரும் என்று சிலர் ஆசிட் ஊற்றுவார்கள், அந்த ஆளைப் படியேற விடாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் இன்னொரு தொல்லை, அவுட்டோர் எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தே மாட்டப்பட்டிருக்கும், துப்பிய அனலையே திரும்ப உறிஞ்சும். முன்னால் இரண்டு மூன்று அடியாவது காலியாக இருக்கட்டும். அதன்மேல் ஈரத்துணி காயப்போடுவதையும் நிறுத்தணும், எங்கள் வீட்டில் நிறுத்துவதற்கு இரண்டு வருஷம் ஆனது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கேஸ். ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு இண்டோர் ஃபில்டரை எடுத்துவிட்டு காயிலைப் பாருங்கள். முழுக்க ஒரே மாதிரி வேர்த்திருந்தால் கேஸ் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் ஈரமாகவோ ஐஸ் பிடித்தோ இருந்து மற்ற இடம் காய்ந்திருந்தால் கேஸ் குறைவு. அவுட்டோர் வால்வில் மெல்லிய குழாய் வெள்ளையாகப் பனி பூத்திருப்பதும் தடித்த குழாய் குளிரவே குளிராமல் இருப்பதும் அதே சேதிதான். காயில் முழுக்க ஐஸ் கட்டியிருந்தால் அவசரப்பட வேண்டாம், அடைத்த ஃபில்டராலும் அப்படி ஆகும். கூலை நிறுத்தி ஃபேன் மோடில் இரண்டு மணி நேரம் விட்டு உருக்கி, ஃபில்டர் கழுவி மறுபடி ஓட்டிப் பாருங்கள், திரும்பவும் ஐஸ் வந்தால்தான் கேஸ் சந்தேகம். ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்காதீர்கள்.

கேஸ் குறைவு என்று உறுதியானால் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி: "லீக் எங்க?" வால்வு நட்டுகளில் சோப்பு நுரை வைத்தாலே பாதி லீக் குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், நட்டை இறுக்கினால் அல்லது குழாய் முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் செய்தால், அதாவது முனையை விரித்துவிட்டால், சரியாகும். என் வீட்டில் நட்டில் இல்லை. நாலாவது வருஷம் வந்த பெரியவர் ஒருவர் நைட்ரஜன் ஏற்றி, அவுட்டோரின் தகடுகளுக்கு நடுவே நுரை தெளித்துக் காட்டினார், உப்பு அரித்த இடத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை, அதிலிருந்து ஒரு குமிழி சாவகாசமாக வீங்கி வெடித்தது. மூன்று வருஷக் காசு அந்தக் குமிழிக்குள் இருந்தது. ஒரு இடத்தில் ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று விடும் என்று சொல்லி அவுட்டோரில் இருக்கிற கண்டென்சர் காயிலையே மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

பிரஷர் பார்க்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், கம்ப்ரஸர் ஆயிலோடு அது சேர்ந்தால் வெடிக்கும். கேஸ் ஏற்றும் முன் இருபது நிமிஷமாவது வாக்யூம் போடச் சொல்லுங்கள், உள்ளே காற்றும் ஈரமும் இருக்கக்கூடாது. எவ்வளவு கிராம், எந்த கேஸ் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது, தராசு வைத்து ஏற்றுகிறவர் நல்ல மெக்கானிக். இப்போது வருகிற பல ஏசிகளில் இருக்கும் ஆர்32 கொஞ்சம் தீப்பற்றக்கூடியது, அதனால் கேஸை முழுசாக எடுக்காமல் குழாயைப் பற்றவைக்கிற நெருப்பு டார்ச்சைப் பிடிக்கக்கூடாது.

ஹாலில் தண்ணீர் சொட்டுகிறதா? பெரும்பாலும் ட்ரெய்ன் பைப்பில் பாசி. வெளி முனையில் தண்ணீரையும் இழுக்கிற வாக்யூம் கிளீனரை வைத்து ஒருமுறை இழுத்தால் ஜெல்லி மாதிரி ஒன்று வரும், கலீஜாக இருக்கும், அதோடு தொல்லை தீரும். பைப் நடுவில் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். இன்னொன்று, எங்கள் அம்மா கண்டுபிடித்தது: பக்கெட் நிறைந்து பைப்பின் முனை தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்பக்கம் திரும்பிவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் வந்து பக்கெட்டைக் காலி செய்துவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிப்போன நாளும் உண்டு.

நாற்றம் என்றால், பைப்பைச் சாக்கடையிலோ பாத்ரூம் லைனிலோ நேராகச் சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள், அந்தக் காற்று அப்படியே ஏறி வரும். ஈர சாக்கு வாடை என்றால் காயில் அழுக்கு. மணலிப் பக்கத்துக்காரர்கள் சிலர் ராத்திரியில் வருகிற கெமிக்கல் வாடையை ஏசி உள்ளே இழுக்கிறது என்பார்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை அறைக்குள் கொண்டுவருவதே இல்லை, அறைக் காற்றையேதான் சுற்றுகிறது. வாடை வருவது ஜன்னல் இடுக்கிலும், குழாய் போகிற சுவர் ஓட்டையிலும். அந்த ஓட்டையை அடையுங்கள், எலியும் வராது.

எம்சிபி (கோளாறு வந்தால் தானாக விழுகிற ஸ்விட்ச்) ஆன் செய்தவுடனே விழுந்தால் ஒயரிலோ கம்ப்ரஸரிலோ ஷார்ட், திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். கால் மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் அவுட்டோர் அழுக்கு, லோ வோல்டேஜ், அல்லது பிளக் லூஸ். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதென்றால் சாக்கெட்டோடு மாற்றுங்கள்.

விளக்கு கண் சிமிட்டி, எழுத்தும் எண்ணுமாக ஏதாவது காட்டினால் போட்டோ எடுத்து வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் வேறு, மேனுவலில் இருக்கும். மெயினை ஐந்து நிமிஷம் அணைத்துப் போட்டும் திரும்ப வந்தால் ஆளைக் கூப்பிடலாம். இண்டோருக்கும் அவுட்டோருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்கிற கோளாறு என்றால் எலி கடித்த ஒயரை முதலில் தேடச் சொல்லுங்கள், அடுத்து பிசிபி என்கிற சர்க்யூட் போர்டில் பல்லி. கதகதப்புக்கு உள்ளே போய் இரண்டு முனைக்கு நடுவே படுத்து, தானும் செத்து போர்டையும் சாகடிக்கும். ஒயர் நுழைகிற இடுக்கை அடைத்து வைப்பது பிசிபி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

வெள்ளத்தில் அவுட்டோர் மூழ்கியிருந்தால், தண்ணீர் வடிந்ததும் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது, அந்த மாதிரி தண்ணீரில் நின்ற யூனிட்டைத் திறந்து கழுவி, போர்டைக் காயவைத்து, எர்த் சோதித்த பிறகுதான் கரன்ட் கொடுக்கணும்.

கடைசியாக, ஏசி சர்வீஸ் என்றால் யாரும் பார்க்காத ஒன்று, அவுட்டோரைத் தாங்குகிற ஸ்டாண்ட். முப்பது நாற்பது கிலோ இரும்பு சந்துக்கு மேலே இரண்டு ஆங்கிளில் தொங்குகிறது, உப்புக்காற்று அதையும் விடுவதில்லை. காயில் மாற்றும்போது எங்கள் ஸ்டாண்டின் ஒரு போல்ட் ஸ்பேனர் வைக்காமலே அந்தப் பெரியவரின் கையோடு வந்தது. கீழே எதிர் வீட்டு அக்கா நாற்காலி போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "அக்கா, கொஞ்சம் அந்தாண்ட போய் உக்காருங்க" என்று கத்திவிட்டு, அன்றைக்கே துத்தநாகம் பூசிய ஜிஐ ஸ்டாண்ட் வாங்க ஓடினேன்.