ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்ட் ஆகப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஒரு டீம்ல ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்டா வேலைக்கு சேர்ந்து மூணு நாலு மாசம் இருக்கும், ஒரு பையன மேட்ச்ல ஆட விடாம பண்ணிட்டேன். நேரடியா நான் பண்ணல, கோச் கையில குடுத்த ஷீட்ல அவன் பேருக்கு நேரா செவப்பு கலர் அடிச்சு வச்சிருந்தேன், அவர் அத நம்பி அவன வெளிய உக்கார வச்சிட்டாரு. வாரா வாரம் ஜம்ப் டெஸ்ட் எடுப்போம், இடுப்புல கை வச்சுக்கிட்டு முழங்கால மடக்கி கீழ போய் ஒரே மூச்சுல மேல எகிறணும், அவ்ளோதான் டெஸ்ட். அவன் வழக்கமா 40 செ.மீ. கிட்ட எகிறுவான், அன்னைக்கு 37 தான் வந்துச்சு. 3 செ.மீ. கொறஞ்சிடுச்சு, கால் களைச்சுப் போச்சு, ரெஸ்ட் குடுக்கணும்னு நானா முடிவு கட்டிட்டேன். மறுநாள் காலைல வந்து நின்னான், "அண்ணா நான் நல்லா தானேண்ணா இருக்கேன், எனக்கு என்ன ஆச்சுன்னு எழுதுனீங்க?" சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

அப்புறமா உக்காந்து பழைய வீடியோவ எல்லாம் ஓட்டிப் பாத்தேன். முந்தின வாரங்கள்ல அவன் தரையில எறங்கும்போது முழங்கால மடக்கிட்டே எறங்கிருக்கான். நாங்க வச்சிருந்தது ஜம்ப் மேட், அது உயரத்த நேரா அளக்காது, கால் மேட்ட விட்டதுலேர்ந்து திரும்ப மேட்ட தொடற வரைக்கும் எவ்ளோ நேரம்னு பாத்து அதுலேர்ந்து உயரத்த கணக்கு போட்டு சொல்லும். 0.55 செகண்ட் காத்துல இருந்தா 37 செ.மீ.னு காட்டும், 0.57 செகண்ட் இருந்தா கிட்டத்தட்ட 40 செ.மீ. வெறும் 20 மில்லிசெகண்ட் தான் வித்தியாசம், கால மடக்கி எறங்குனா அந்த 20 மில்லிசெகண்ட் சும்மாவே கெடச்சிடும். அன்னைக்கு டெஸ்ட் எடுத்தவர் வேற ஆள், "கால நீட்டி எறங்குப்பா"ன்னு ஒழுங்கா சொல்லிருக்காரு, அதனால தான் நம்பர் கொறஞ்சிருக்கு. பையனுக்கு ஒண்ணுமே ஆகல.

இந்த ஃபீல்டுக்கு வர்ற நெறைய பேர் பண்ற பெரிய தப்பு இதுதான், ஸ்டாடிஸ்டிக்ஸ்னா ஓடிப் போறது. "நான் கணக்குக்கு பயந்து தாங்க இந்த கோர்ஸே எடுத்தேன்"னு எங்கிட்டயே எத்தனையோ பேர் சொல்லிருக்காங்க, அவங்க கிட்ட நான் சொல்றது தப்பான பஸ்ல ஏறிட்டீங்கன்னு தான். பெரிய தியரியெல்லாம் வேணாம், ஆனா ஒரு அளவுல எவ்ளோ பிழை இருக்குன்னு கண்டுபிடிக்க தெரியாம இந்த வேலைய பண்ணவே கூடாது. அந்த சம்பவத்துக்கு அப்புறம் நான் பண்ணது ஒரே ஒரு வேலை. டீம் முழுக்க நல்லா ரெஸ்ட் எடுத்திருந்த ரெண்டு காலைல, அதே நேரம், அதே ஷூ, அதே வார்ம்-அப் வச்சு ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தேன். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசத்த எழுதி அதோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது அந்த நம்பருங்க சராசரிய விட்டு எவ்ளோ சிதறி இருக்குங்கிற அளவு, பாத்தேன், 2.4 வந்துச்சு, அத ரூட் 2-ஆல வகுத்தா 1.7 செ.மீ. இதுக்கு பேரு தான் டிபிக்கல் எரர். அதாவது யாருக்கும் ஒண்ணுமே ஆகாத நாள்லயே நம்பர் 1.7 முன்ன பின்ன ஆடும். இது தெரியாம 1.5 செ.மீ. கொறஞ்சதுக்கெல்லாம் நான் அதுவரைக்கும் மஞ்சள் கலர் அடிச்சிட்டு இருந்தேன், நெனச்சா இப்பவும் கூசுது.

அடுத்தது மெஷின் மோகம். கால் தரைய எவ்ளோ விசையோட தள்ளுதுன்னு அளக்கிற ஃபோர்ஸ் பிளேட், ஓடுற தூரத்தையும் வேகத்தையும் அளக்கிற ஜிபிஎஸ் வெஸ்ட், இன்னைக்கு உடம்பு எவ்ளோ தயாரா இருக்குன்னு கையில கட்டுற வாட்ச் குடுக்கிற ரெடினஸ் ஸ்கோர், இதையெல்லாம் பாத்து மயங்கி தான் பாதி பேர் உள்ள வர்றோம், நானும் அப்படித்தான். மெஷின் வேணாம்னு சொல்லல. ஆனா வாட்ச் 100க்கு 62ன்னு சொல்லுதுன்னா அந்த 62 எப்படி வந்துச்சுன்னு அந்த கம்பெனி சொல்லாது, சொல்லாத ஒண்ண நீங்க கோச் கிட்ட போய் எப்படி விளக்குவீங்க? ஜிபிஎஸ் யூனிட் ஒரே பிராண்டா இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறும், அதனால ஒரு ப்ளேயருக்கு எப்பவும் அதே யூனிட்ட தான் குடுக்கணும், சார்ஜ் போட்டு எடுக்கிற அவசரத்துல மாத்திக் குடுத்துட்டு "இவர் இன்னைக்கு ஸ்பிரிண்ட் கம்மி"ன்னு எழுதாதீங்க. பைசா செலவே இல்லாத ஒரு முறை இருக்கு, ட்ரெயினிங் முடிஞ்சு ஒரு அரை மணி நேரம் கழிச்சு "எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு, 0லேர்ந்து 10க்குள்ள சொல்லு"ன்னு கேக்கறது, அத நிமிஷத்தால பெருக்கிக்கறது. 90 நிமிஷம், 7 சொன்னான்னா 630, அதுதான் அன்னைக்கு அவனோட ட்ரெயினிங் லோட். கார்ல் ஃபாஸ்டர்னு ஒரு ஆய்வாளர் கொண்டு வந்தது, செஷன் ஆர்பிஇன்னு சொல்லுவாங்க. பாக்க சப்பையா தெரியும், ஆனா உலகம் முழுக்க பெரிய டீம்ல கூட இன்னமும் ஓடிட்டு இருக்கு. கேக்கும்போது மத்த ப்ளேயர்ஸ் காதுல விழாம தனியா கேளுங்க, இல்லன்னா ஒருத்தன் 6ன்னு சொன்னா வரிசையா எல்லாரும் 6 தான்.

ஃபார்முலாவ வேதவாக்கா எடுத்துக்கறதும் இதே ரகம் தான். 220லேர்ந்து வயச கழிச்சா அதிகபட்ச இதயத்துடிப்புன்னு எல்லாருக்கும் தெரியும். அது 1970கள்லேர்ந்து சுத்திட்டு இருக்கிற ஒரு தோராயக் கணக்கு, தனியா ஆய்வு பண்ணி கண்டுபிடிச்சது கூட இல்ல, இருந்த டேட்டாவ பாத்து ஒரு கோடு போட்டது. 20 வயசு ஆளுக்கு 200ன்னு வரும், நெஜத்துல அவருக்கு 188 இருக்கலாம், 212 இருக்கலாம், ரெண்டுமே நார்மல். இத வச்சு ஒரு ஓட்டக்காரருக்கு ட்ரெயினிங் ஸோன், அதாவது எந்த ஓட்டத்துல துடிப்பு எவ்ளோ இருக்கணும்னு, போட்டுக் குடுத்தா பாவம் ஒருத்தர் ஈஸி ரன்லயே மூச்சு வாங்குவாரு, இன்னொருத்தர் ஹார்ட் ரன்ல பாட்டு பாடிட்டு போவாரு.

அக்யூட் க்ரானிக் ரேஷியோ கதை இதவிட சுவாரசியம். இந்த வாரத்து லோட, கடைசி நாலு வாரத்து சராசரியால வகுக்கணும், 0.8லேர்ந்து 1.3க்குள்ள இருந்தா சேஃப், 1.5 தாண்டுனா காயம் ஆகும்னு 2016 வாக்குல ஒரு அலை அடிச்சுது, எல்லா எக்செல் ஷீட்லயும் அது ஏறி உக்காந்துச்சு. அப்புறம் தான் கணக்கு தெரிஞ்சவங்க கேள்வி கேட்டாங்க, மேல இருக்கிற இந்த வாரம் கீழ இருக்கிற நாலு வாரத்துக்குள்ளயும் இருக்கே, ரெண்டுக்கும் தானாவே ஒரு தொடர்பு வந்துடுமே, அத எப்படி நம்பறதுன்னு. லோட திடீர்னு ஏத்தாதீங்கங்கிற யோசனை நல்ல யோசனை தான், அதுல சண்டை இல்ல. ஆனா 1.29ன்னா ஆடலாம் 1.31ன்னா ஆடக்கூடாதுன்னு கோடு கிழிச்சு உக்காந்தவங்க எல்லாம் அப்புறம் அசடு வழிய வேண்டியதா போச்சு. ஒரு பேப்பர் படிச்சா எத்தனை பேர வச்சு பண்ணிருக்காங்க, யார வச்சு பண்ணிருக்காங்கன்னு மொதல்ல பாருங்க. 12 ஆம்பள காலேஜ் ஸ்டூடண்ட்ஸ வச்சு வந்த ரிசல்ட்ட 10 வருஷம் ட்ரெயினிங் எடுத்த ஒரு பொண்ணுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

கோர்ஸ் தேர்வு பத்தி சுருக்கமா சொல்றேன். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் வேற, ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் வேற, பிசியோதெரபி வேற, ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் வேற, பேர பாத்து சேராம சிலபஸ பாத்து சேருங்க. லேப்ல நீங்க சொந்தக் கையால எத்தனை மணி நேரம் டெஸ்ட் எடுப்பீங்கன்னு கேளுங்க, மெஷின் கண்ணாடிக்குப் பின்னாடி பூட்டி கெடக்கிற காலேஜும் இருக்கு. எந்த நாட்டுல வேலை பாக்கணும்னு நெனைக்கிறீங்களோ அங்க எந்த அமைப்பு அங்கீகாரம் குடுக்குதுன்னு சேர்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, பிரிட்டன்ல கேசஸ் (முன்னாடி பேசஸ்னு பேரு), ஆஸ்திரேலியாவுல எஸ்ஸா, அமெரிக்காவுல என்எஸ்சிஏ, ஏசிஎஸ்எம். என்எஸ்சிஏ நடத்துற சிஎஸ்சிஎஸ்ங்கிற ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் பரீட்சைக்கு டிகிரியும் சிபிஆர் (நெஞ்ச அழுத்தி உயிர் காப்பாத்துற முதலுதவி) சர்டிபிகேட்டும் வேணும். ஆனா சர்டிபிகேட் மேல சர்டிபிகேட்டா சேத்துட்டே போறதும் ஒரு நோய் தான், பேருக்குப் பின்னாடி எழுத்து நீளமாகிட்டே போகும், ஒரு டீமோட முழு சீசன் நின்ன அனுபவம் இருக்காது.

நீங்க எடுக்கிற டெஸ்ட்ட உங்க மேலயே எடுத்துப் பாக்காததும் தப்பு. உடம்பு அதிகபட்சம் எவ்ளோ ஆக்சிஜன பயன்படுத்துதுன்னு அளக்கிற விஓ2 மேக்ஸ் டெஸ்ட்ல மூஞ்சில மாஸ்க்க மாட்டி ட்ரெட்மில்ல ஓட விட்டு ஸ்பீட ஏத்திட்டே போகும்போது கடைசி ஒரு நிமிஷம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க தான் "இன்னும் கொஞ்சம், விடாத"ன்னு சொல்ல லாயக்கு. 1954ல ஒரு மைல முதல் முதலா 4 நிமிஷத்துக்குள்ள, 3 நிமிஷம் 59.4 செகண்ட்ல ஓடுன ரோஜர் பேனிஸ்டர் அப்போ மெடிக்கல் ஸ்டூடண்ட், ட்ரெட்மில்ல ஆட்கள ஓட விட்டு மூச்சு பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு, ஓடுன ஆட்கள்ல அவரும் ஒருத்தர்.

எல்லைய தாண்டறது. ப்ளேயர்ஸ் உங்கள நம்ப ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் கேப்பாங்க, வலிக்குது என்ன பண்றது, இந்த பவுடர் சாப்பிடலாமான்னு. "சாப்பிடு, ஒண்ணும் ஆகாது"ன்னு வாய் தவறி கூட சொல்லிடாதீங்க. ஊக்கமருந்து விதில, உடம்புல என்ன இருந்தாலும் அதுக்கு ப்ளேயர் தான் பொறுப்பு, யார் குடுத்தது எப்படி வந்ததுங்கிறதெல்லாம் அப்புறம். டப்பாவுல எழுதாத பொருள் கலந்திருந்து மாட்டுன ப்ளேயர்ஸ் இருக்காங்க. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவோட தடை லிஸ்ட் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1லேர்ந்து புதுசா அமலுக்கு வருது, போன வருஷத்து ஞாபகத்துல பேசறது ஆபத்து. டீம் டாக்டர் கிட்ட அனுப்புங்க, அதுல கௌரவ கொறைச்சல் ஒண்ணும் இல்ல.

டேட்டாவ பாதுகாக்கறது பத்தி யாருமே க்ளாஸ்ல சொல்லித் தர்றதில்ல. தோல கிள்ளிப் புடிச்சு கொழுப்பு மடிப்பு அளந்து எல்லார் நம்பரையும் வாட்ஸ்அப் குரூப்ல போடறத நான் கண்ணால பாத்திருக்கேன், அத போட்டவருக்கு அது தப்புன்னே தோணல. அதுல கடைசில இருந்த பொண்ணு அன்னைலேர்ந்து சரியா சாப்பிடல. தேவையான அளவு சாப்பிடாம ட்ரெயினிங் மட்டும் ஏறிட்டே போனா மாதவிடாய் நின்னு போகும், எலும்பு பலம் போகும், 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சு எச்சரிச்சது, ஆம்பளைங்களுக்கும் வரும். ஒரு நம்பர் யார் கண்ணுக்குப் போகலாம், யாருக்குப் போகக் கூடாதுன்னு எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்.

இனி ரிப்போர்ட். ஆரம்பத்துல நான் 14 பக்கம் எழுதுவேன், கிராஃப் எல்லாம் கலர் கலரா. ஒருநாள் கோச் அத வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு மேசைல வச்சாரு. "தம்பி, இதெல்லாம் இருக்கட்டும், நாளைக்கு யாருக்கு கொறைக்கணும், யாருக்கு ஏத்தணும், அத சொல்லு." என்னால உடனே சொல்ல முடியல. 14 பக்கம் எழுதிருக்கேன், ஒரு வரி சொல்ல முடியல. அப்புறம் ஒரு பக்கமா மாத்துனேன், மூணு பேர் பேரு, என்ன மாத்தணும், எனக்கு எவ்ளோ நிச்சயம், அவ்ளோதான். "எனக்கு இவர பத்தி நிச்சயமா தெரியல, நீங்க பேசிப் பாருங்க"ன்னு எழுதறதுக்கு மட்டும் ரொம்ப நாள் ஆச்சு. அப்படி எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான் அவர் என் ஷீட்ட படிக்கவே ஆரம்பிச்சாரு, அது வேற விஷயம். அவர் 20 வருஷமா பாத்த கண்ணு, "இவன் நடந்து வர்ற விதமே சரியில்ல"ன்னு சொன்னா அதுவும் டேட்டா தான், படிச்ச திமிர்ல அத தள்ளி விடாதீங்க.

கடைசியா வேலை. பெரிய டீம், டிவில வர்ற டீம் மட்டும் தான் வேணும்னு காத்திருந்து வருஷத்த தொலைச்சவங்க நெறைய. ஜூனியர் டீம், பாரா விளையாட்டு, துடுப்புப் படகு, சைக்கிளிங்னு போனா ஒரே ஆளா நீங்களே எல்லாம் பண்ண வேண்டியிருக்கும், அந்த ரெண்டு வருஷத்துல கத்துக்கறது பெரிய டீம்ல வெஸ்ட் மாட்டி விட்டுட்டு நிக்கிறதுல வராது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்னா எத்தனை மாசம், என்ன கத்துத் தருவாங்க, யார் உங்கள பாத்துக்குவாங்கன்னு எழுதி வாங்குங்க, "அனுபவம் தர்றோமே"ன்னு சொல்லி சீசன் சீசனா பாட்டில் தூக்க வைக்கிற எடமும் இருக்கு. இன்டர்வியூல அவங்க கேள்வியெல்லாம் முடிஞ்சதும் நீங்க ஒண்ணு கேளுங்க, "எனக்கு முன்னாடி இந்த வேலைல இருந்தவர் குடுத்த டேட்டாவால போன சீசன்ல ட்ரெயினிங்ல என்ன மாத்துனீங்க?" ஒரு எடத்துல நான் இத கேட்டப்போ மூணு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அப்புறம் ஒருத்தர் "எங்ககிட்ட புது ஜிபிஎஸ் இருக்கு"ன்னு சொன்னாரு. நான் அந்த வேலைல சேரல.