விளம்பக் கிருதி எங்கே ஓடத் தொடங்குகிறது? 'அக்ஷயலிங்க விபோ' பாடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கும் கீழ்வேளூர்க் கோயிலின் மூலவர் மேல் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) செய்த கிருதி இது, விளம்பத்தில், அதாவது மெதுவான காலத்தில் பாட வேண்டியது. ராகம் சங்கராபரணம், தாளம் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு. சில வருடம் கற்றவர்கள் மார்கழி நெருங்கும்போது ஆசையோடு எடுப்பார்கள். சறுக்கும் இடம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. இன்று கற்றுக் கொடுக்கிறவர்களும் ஒரு காலத்தில் அதே இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள். ஸ்வரம் தப்புவதையும் சாஹித்யம் (பாட்டின் சொற்கள்) மறப்பதையும் விட்டுவிடலாம், அவை உடனே காதில் விழுந்துவிடும். பாடுகிறவருக்கே தெரியாமல் நடப்பவைதான் ஆபத்து.

மேல் ஸட்ஜம் எட்டினால் போதும் என்று சுருதி வைப்பது

ஐந்தரைக் கட்டையில் தார ஸட்ஜம் 'பளிச்' என்று வருகிறது என்பதற்காக அதையே வைத்துக்கொள்கிறார்கள். விளம்பத்தில் மேல் ஸ்தாயியைத் தொட்டுவிட்டு வந்தால் போதாது, அங்கே நின்று அசைக்க வேண்டும். எனவே கிருதியில் வரும் மிக உயர்ந்த ஸ்வரத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முழுக்கக் கார்வை கொடுத்து, அதாவது நீட்டி நின்று பாருங்கள். பிறகு மிகத் தாழ்ந்த ஸ்வரத்தில் சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். மேலே தொண்டை இறுகினால் அரைக்கட்டை இறக்குங்கள். சுருதி அரைக்கட்டை கூடினால் மூச்சு சீக்கிரம் தீரும், மூச்சு தீர்ந்தால் காலம் ஓடும். அடுத்து சொல்லப் போகும் தவறுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மத்யமகால சாஹித்யத்தில் தாளத்தையும் சேர்த்து ஓட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. இன்றும் கேட்கும்போது எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இது ஒன்றே முழுக் கிருதியையும் கெடுத்துவிடும்.

பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவி 'அக்ஷர ஸ்வரூப' என்று நிதானமாகத் தொடங்கும். பிறகு 'தக்ஷ சிக்ஷண தக்ஷதர ஸுர லக்ஷண' என்று சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். இதுதான் மத்யமகாலம். இங்கே ஒரே தாள இடத்துக்குள் எழுத்துகள்தான் இரட்டிப்பாகின்றன, தட்டும் கையின் வேகம் மாறக்கூடாது. மாணவர் 'மத்யமகாலம்' என்ற பெயரைக் கேட்டதுமே கையையும் விரட்டுகிறார். மிருதங்கம் வாசிப்பவர் என்ன செய்வார்? பாட்டோடு போகத்தானே வேண்டும். பல்லவிக்குத் திரும்பும்போது இருவருமே புது வேகத்தில் இருப்பார்கள். ஆரம்பத்தில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல நடந்த பல்லவி, இப்போது பேருந்தைப் பிடிக்கப் போகிறது. சரணத்தில் 'ஸதாச்ரித கல்பக' என்று இன்னொரு மத்யமகாலம் காத்திருக்கிறது. அங்கே 'ரத கஜ துரக பதாதி' எல்லாம் நொறுங்கிப்போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நிமிடத்துக்கு 84 எண்ணிக்கை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மிஸ்ர சாபுவின் 7 எண்ணிக்கைக்கு 5 வினாடி, 8 ஆவர்த்தனத்துக்கு 40 வினாடி. அதே 84, 105 ஆகிவிட்டால் 8 ஆவர்த்தனம் 32 வினாடியில் முடியும். வீட்டில் பாடுவதைப் போனில் பதிவு செய்து, முதல் பல்லவியில் 8 ஆவர்த்தனமும் சரணம் முடிந்து திரும்பிய பல்லவியில் 8 ஆவர்த்தனமும் அளந்து பாருங்கள். ஒரு வினாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு வினாடி குறைந்தால் பாட்டு ஓடுகிறது.

திருத்தும் வழி:

முதலில் 'தக்ஷ சிக்ஷண' அடியை மட்டும் தாளத்தோடு சொல்லிப் பாருங்கள், பாட வேண்டாம். 'தக்ஷ' என்பது 'தச்ச' ஆகாமல், ஒவ்வொரு 'க்ஷ'வும் முழுசாக விழும் வேகம் எதுவோ அதுதான் உங்கள் காலப்பிரமாணத்தின் (பாடும் வேகத்தின்) மேல் எல்லை. அந்த வேகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லவியை எடுங்கள். பல்லவியில் காலத்தை முடிவு செய்துவிட்டு மத்யமகாலத்தில் சமாளிப்பது தலைகீழ் வழி.

அடுத்து, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஏழு எண்ணிக்கையையும் தட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் அதன்மேல் சாய்ந்துவிடுவீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். நடுவில் நீங்கள் ஓடியிருந்தால் அடுத்த சமத்துக்கு முன்பே போய் நிற்பீர்கள்.

கடைசியாக மூச்சு. பல்லவியில் 'விபோ' முடிந்து ஒன்று, 'ஸ்வயம்போ' முடிந்து ஒன்று. 'அகிலாண்ட' என்று நிறுத்தி மூச்செடுத்து 'கோடி' என்று தொடராதீர்கள். 'அகிலாண்டகோடி ப்ரபோ', கோடிக்கணக்கான அண்டங்களுக்கும் தலைவன் என்பது ஒரே தொடர். அதை உடைக்காமல் பாட மூச்சு போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாமல் சுருதியை மறுபடி சோதியுங்கள்.

சங்கராபரணத்தைக் கீபோர்டில் வாசிப்பது போலப் பாடுவது

மேற்கத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதரே எழுதிய நோட்டுஸ்வர சாஹித்யங்களுக்கும் இதே ஸ்வரங்கள்தான். சின்ன வயதில் அவற்றைப் பாடிப் பழகியவர்கள் அந்த நேர்க்கோட்டு ஸ்வரங்களை இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஸ்வரஸ்தானம் சரியாக இருக்கும், ராகம் வராது. 'ம க ரி ஸ' என்று இறங்கும்போது காந்தாரம் மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும். அந்த அசைவுக்கு, அதாவது கமகத்துக்கு, இடம் வேண்டும் என்பதால்தான் இந்த விளம்பம். வேகம் கூடும்போது முதலில் காணாமல் போவது கமகம்தான். அது போனபின் கிருதியின் கம்பீரத்தை வேறு எதிலும் மீட்க முடியாது.

அழுகைக் குரல்

வேண்டாம். பல்லவியில் 'பாஹி' (காப்பாற்று) என்று ஒருமுறை கேட்பதோடு சரி. அனுபல்லவியும் சரணமும் இறைவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டே போகின்றன.

ஏழு எண்ணிக்கையை எட்டாக்குவது

ஏழில் கடைசி நான்கான 'தகதிமி' முடிந்ததும் இளைப்பாற ஒரு எண்ணிக்கை சேர்த்துவிடுகிறார்கள். 'தகிட தகதிமி, தகிட தகதிமி' என்று இடைவெளி இல்லாமல் பத்து நிமிடம் சொல்லிவிட்டுப் பிறகு பாட உட்காருங்கள்.

மிருதங்கம் சேர்ந்ததும் தம்புராவின் ஒலியைக் குறைப்பது

குறைக்காதீர்கள்.